பால் லிட்டர் 38 ரூபாய்! கலர் தண்ணி லிட்டர் 80 ரூபாய்!
நம்ம பிள்ளைகள் எதைக் குடிப்பது என்று தீர்மானிப்பது யார்?

  

தண்ணீருக்காகவும் மின்சாரத்துக்காகவும் தேங்காய் விலைக்காகவும் எத்தனையோ பிரசுரம் போட்டிருக்கிறோம். இந்தத் தடவை நம் வீட்டுப் பிள்ளைகளின் தொண்டையில் இறங்குவதைப் பற்றி எழுதுகிறோம். "இது என்ன பெரிய பிரச்சனை? சங்கத்துக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். இதுவும் விலைப் பிரச்சனைதான், தண்ணீர்ப் பிரச்சனைதான்.

முதலில் ஒரு கணக்கு. விடியக்காலம் நாலரை மணிக்கு எழுந்து, தவிடும் புண்ணாக்கும் போட்டு, கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறோம். 2022 நவம்பரில் ஆவின் பசும்பாலுக்குக் கொள்முதல் விலை 35 ரூபாய் என்றார்கள். 2023 டிசம்பரில் ஊக்கத்தொகை 3 ரூபாய் சேர்த்து 38 ஆயிற்று. அதிலும் கொழுப்பு குறைச்சல், இதர சத்து குறைச்சல் என்று பிடித்ததுபோக மிச்சம்தான் கைக்கு வரும். அதே சாயங்காலம் நம்ம வீட்டுப் பையன் பேக்கரியில் நின்று 20 ரூபாய் கொடுத்து ஒரு குட்டி பாட்டில் வாங்குகிறான். செக்கச்செவேலென்று 250 மில்லி. லிட்டருக்குப் போட்டுப் பாருங்கள், 80 ரூபாய்! மாடு, தீவனம், வைத்தியம், தூக்கம் கெட்ட ராத்திரி எல்லாம் சேர்ந்த பாலுக்கு 38. தண்ணீரில் சர்க்கரையும் சாயமும் காற்றும் கலந்ததற்கு 80. ஒரு லிட்டர் பாலை ஊற்றி அரை லிட்டர் கலர் தண்ணிகூட வாங்க முடியாத காலத்தில் இருக்கிறோம்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

பையன் குடிக்கும் கோலா பாட்டிலின் லேபிளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பாருங்கள். 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை. 250 மில்லிக்குச் சுமார் 26 கிராம். அஞ்சு டீஸ்பூனுக்கு மேல். வீட்டில் ஒரு டம்ளர் காப்பிக்கு அஞ்சு ஸ்பூன் சர்க்கரை போட்டால் அம்மா கையைப் பிடித்துத் தடுப்பாள். பாட்டிலுக்குள் யாரோ போட்டுவிட்டால் கேள்வி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராம் அளவில் நின்றால் நல்லது என்று. ஒரே பாட்டிலில் நாள் கணக்கு முடிந்துவிட்டது! மத்தியானம் சோறு, சாயங்காலம் டீ, பன் எல்லாம் அதற்கு மேலே.

இது பழைய கோலா கதை. இப்போது வந்திருப்பது எனர்ஜி டிரிங். பெயரிலேயே ஏமாற்று. உடம்புக்குச் சக்தி சோற்றிலிருந்து வரும், தூக்கத்திலிருந்து வரும். இதில் இருப்பது கேஃபின். களைப்பை அது போக்குவதில்லை. களைப்பு தெரியாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். வண்டியில் பெட்ரோல் முள் கீழே இறங்கினால் முள்ளை மேலே தள்ளி வைக்கிற மாதிரி. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி இவ்வகைப் பானத்தில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை கேஃபின் இருக்கலாம். மேல் அளவில் வைத்தால் குட்டி பாட்டிலுக்கு 75 மில்லிகிராம், கிட்டத்தட்ட ஒரு ஸ்ட்ராங் காப்பி. ஆனால் காப்பியை ஆற்றி ஆற்றிக் குடிப்போம். இதை வெயிலில் வந்த பையன் ஜில்லென்று ஒரே மூச்சில் இறக்குகிறான், ஒன்று போதாமல் இன்னொன்று. நெஞ்சு படபடப்பு, ராத்திரி தூக்கம் இல்லை, காலையில் எழ முடியவில்லை, மறுபடியும் பாட்டில். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் உகந்ததல்ல என்று பாட்டிலிலேயே போடச் சொல்கிறது அதே விதி. போட்டிருக்கிறார்கள், எறும்பு சைஸ் எழுத்தில். அந்தப் பாட்டிலை ஏழாம் வகுப்புப் பையனுக்கு எடுத்துக் கொடுக்கிற கடைக்காரருக்கும் அது தெரியாது, வாங்குகிற பையனுக்கும் தெரியாது. லித்துவேனியா என்ற சின்ன நாடு 2014-லேயே 18 வயதுக்குக் கீழே இதை விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. போலந்து 2024 ஜனவரியில் போட்டது. நம் ஊரில் பள்ளிக்கூடத்து வாசலில் பிரிட்ஜ் வைத்து விற்கிறார்கள்!

ஆரோக்கிய பானம் என்று டப்பாவில் வருவதையும் விட்டுவிடக் கூடாது. பரீட்சையில் முதல் மார்க் வாங்குவான், உயரமாக வளர்வான் என்று டி.வி.யில் காட்டிக் காட்டி விற்ற மாவு பானங்களை 'ஹெல்த் டிரிங்' என்ற வகையில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணைய வியாபாரக் கம்பெனிகளுக்குச் சொல்ல வேண்டி வந்தது. ஏனென்றால் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. நம் பாலில் கலக்கும் இரண்டு ஸ்பூன் மாவுக்குப் பேர் வந்தது, பாலுக்குப் பேர் வரவில்லை. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கதை இதைவிட மோசம். பேரில் ஓ.ஆர்.எஸ். என்று ஒட்டிக்கொண்டு சர்க்கரைத் தண்ணியை மருந்துக் கடையிலேயே விற்றார்கள். ஐதராபாத்துக் குழந்தை மருத்துவர் ஒருவர் வருஷக்கணக்கில் போராடி, 2025 அக்டோபரில்தான் அந்தப் பேரை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

ஒன்றரை ஷிப்ட் பிள்ளைகள்

திருப்பூரிலிருந்து வருஷத்துக்கு 40,000 கோடி ரூபாய் அளவுக்குப் பின்னலாடை ஏற்றுமதி ஆகிறது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நல்லது. அந்த பனியன்களை மடிக்கும் கைகளில் எத்தனை கை நம் ஊர்ப் பிள்ளைகளின் கை? மானாவாரிக் காடு பொய்த்துப்போய், தாராபுரம், காங்கேயம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் விடியற்காலையில் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. பன்னிரண்டாவது முடித்ததும் முடிக்காததுமாக செக்கிங்குக்கும் ஓவர்லாக்குக்கும் அயர்னிங்குக்கும் போகிறார்கள். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். அயர்ன் டேபிள் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆவியும் வெக்கையும் எப்படி அடிக்கும் என்று. அந்தப் பிள்ளைக்கு உடம்பிலிருந்து வேர்வையாகப் போவது தண்ணீரும் உப்பும். திரும்பக் கொடுக்க வேண்டியதும் அதுதான். அதற்குக் கிடைப்பதோ டீ, பன், சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் சிவப்புப் பாட்டில்.

பெண் பிள்ளைகள் நிலைமை வேறு. மெஷினை விட்டு எழுந்தால் சூப்பர்வைசர் முறைப்பார், பாத்ரூம் சுத்தமாக இருக்காது என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் பொழுதை ஓட்டும் பிள்ளைகள் உண்டு. எங்கள் வீடுகளிலேயே உண்டு. சாயங்காலம் தலைவலி, நீர்க்கடுப்பு. கூடவே ரத்தசோகை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் டீ, சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் ஒட்டவிடாது. சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காப்பி வேண்டாம் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் சொன்னது. மில் கேண்டீனில் தட்டோடு சேர்த்து டீ டம்ளரையும் நீட்டுகிறார்களே, அதை யார் பார்ப்பது?

தொழிலாளிக்குக் குடிதண்ணீர் வைக்க வேண்டும், அது கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீர் தர வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். எழுதி எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று! பிள்ளை தண்ணீர் குடிக்கவும், குடித்ததை விடவும் நேரமும் இடமும் கேட்பதற்கு இன்னமும் போராட வேண்டியிருக்கிறது.

நம்ம தோட்டத்தில் என்ன இல்லை?

பச்சைத் தண்ணீர் முதல். அதற்கு ஈடு எதுவும் இல்லை, விளம்பரமும் இல்லை. அடுத்தது மோர். தயிரைக் கடைந்து, வெண்ணெய் எடுத்து, இஞ்சி, கறிவேப்பிலை, கல்லுப்பு போட்டால் வேர்வையில் போன உப்பு திரும்பி வந்துவிடும். வளருகிற வயதில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து பாலிலும் மோரிலும் இருக்கிறது. பதின்மூன்றிலிருந்து பதினெட்டுக்குள் எலும்பில் சேர்வதுதான் கிழவனாகும் வரை தாங்கும். அந்த ஆறு வருஷத்தில் பாலுக்குப் பதில் கோலா குடித்தவனுக்கு அப்புறம் எத்தனை மாத்திரை கொடுத்தாலும் அந்த வயது திரும்பி வராது.

காலையில் நீச்சத்தண்ணி குடித்துவிட்டுக் காட்டுக்குப் போனவர்கள் நம் அப்பன் பாட்டன். கம்மங்கூழ் குடித்து ஏற்றம் இறைத்தார்கள். இன்றைக்கு அதே கூழைத் திருப்பூர் ரோட்டோரத்தில் தள்ளுவண்டியில் சொம்பு கணக்கில் விற்கிறார்கள், கார்க்காரர்கள் இறங்கிக் குடிக்கிறார்கள். நம் பையனுக்குத்தான் கூழ் என்றால் கூச்சம்! எலுமிச்சம்பழத் தண்ணி, கோயில் திருவிழாப் பானகம், கொத்தமல்லிக் காப்பி... சொல்லிக்கொண்டே போகலாம்.

இளநீருக்கு வருவோம். உடுமலை, மடத்துக்குளம், காங்கேயம், பல்லடம் என்று நம் பக்கமெல்லாம் தென்னை. வெள்ளை ஈ 2016-லிருந்து படுத்துகிறது, வாடல் நோய் மரத்தையே சாய்க்கிறது, அப்படியும் இளநீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது. எங்கே? லாரி ஏறி மும்பைக்கும் டெல்லிக்கும். அதில் இருக்கும் இனிப்பு கோலாவில் பாதிகூட இல்லை, வேர்த்துப்போன உடம்புக்கு வேண்டிய பொட்டாசியம் கிடைக்கிறது. தோப்புக்குள் இருக்கும் அரசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மட்டும் அது கண்ணில் காட்டும் பண்டம்.

நாங்கள் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் மண்ணில் விளைந்தது என்பதற்காக எல்லாம் அமிர்தம் ஆகிவிடாது. தெளுவு நல்ல இனிப்பு, கரும்புச் சாறும் இனிப்பு. சீசனில் எப்போதாவது குடிக்கலாம், தினமும் சொம்பு சொம்பாகக் குடித்தால் அதுவும் சர்க்கரைதான். பவண்டோ நம்ம தமிழ்நாட்டுக் கம்பெனி, 1916-லிருந்து இருக்கும் காளிமார்க். வெளிநாட்டுக்காரனை எதிர்த்து நின்றவர்கள் என்பதில் மரியாதை உண்டு. ஆனால் வயிற்றுக்குக் கம்பெனியின் ஊர் தெரியாது. 2023-ல் ரிலையன்ஸ் காம்பாவைத் திரும்பக் கொண்டுவந்து 10 ரூபாய்க்கு பாட்டில் விட்டபோது சுதேசி என்று கைதட்டியவர்களுக்கும் இதையே சொல்கிறோம். விலை குறைந்தது, அவ்வளவுதான். பிஞ்சுப் பிள்ளையின் கைக்கு இன்னும் சுலபமாக எட்டியது. கள் பற்றிக் கேட்பவர்களுக்கு: 1987-ல் போட்ட தடையை நீக்க வேண்டும் என்று விவசாயிகள் கேட்பது வேறு கணக்கு. இந்தப் பிரசுரம் பிள்ளைகளைப் பற்றியது, அதை இதில் கலக்க மாட்டோம்.

யார் தண்ணீர்? யார் பாட்டில்?

கலர் தண்ணி என்றால் நமக்குப் புதுசு இல்லை. நொய்யலில் ஓடியதும் கலர் தண்ணிதான்! 1992-ல் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள், பாசனத்துக்கு என்று. சாயப்பட்டறைக் கழிவு வந்து தேங்கி, பாசன அணை சாயக்குட்டை ஆயிற்று. கிணறு உப்பாயிற்று, மாடு குடிக்க மறுத்தது. சங்கம் சங்கமாக நீதிமன்றம் ஏறி, கடைசியில் 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கிணற்றுத் தண்ணீர் கெட்ட ஊரில் பாட்டிலும் கேனும் நுழைவது எவ்வளவு சுலபம் என்பதை நாம் கண்ணால் பார்த்தவர்கள்.

பாலக்காட்டுப் பக்கம், நம் எல்லையைத் தாண்டினால் பிளாச்சிமடை. 2000-ல் கோகோ கோலா ஆலை வந்தது. ரெண்டு வருஷத்தில் கிணறுகள் வற்றின, இருந்த தண்ணீர் சோறு வேகாத தண்ணீர் ஆயிற்று. 2002 ஏப்ரலில் ஆதிவாசிப் பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஒரு பஞ்சாயத்து! சேதம் 216 கோடி ரூபாய் என்று 2010-ல் கேரள அரசு அமைத்த குழு கணக்குப் போட்டது. அந்த மக்களுக்கு அந்தக் காசு வந்து சேரவில்லை.

நம் பெருந்துறை சிப்காட்டிலும் அதே கம்பெனிக்கு 71 ஏக்கர் ஒதுக்கினார்கள். விவசாயிகளும் வியாபாரிகளும் பொதுமக்களும் கடையடைத்துப் போராடிய பிறகு 2015 ஏப்ரலில் அந்த ஒதுக்கீடு ரத்தானது. தெற்கே கங்கைகொண்டான் சிப்காட்டில் தாமிரபரணித் தண்ணீர் ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசு என்று கொடுத்தார்கள். லிட்டருக்கு நாலு காசுகூட இல்லை! நாலு காசுத் தண்ணீர் நம் பிள்ளை கைக்கு வரும்போது 80 ரூபாய். 2003 ஆகஸ்டில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 12 வகைக் குளிர்பானங்களைச் சோதித்துப் பூச்சிமருந்து இருக்கிறது என்று சொன்னபோது, நாடாளுமன்றம் தன் கேண்டீனில் கோக், பெப்சியை நிறுத்திக்கொண்டது. 2004-ல் நாடாளுமன்றக் கூட்டுக்குழுவும் அந்தச் சோதனை சரி என்றது. எம்.பி.க்கள் குடிக்காததை நம் பிள்ளைகளுக்கு யாரும் நிறுத்தவில்லை.

2017-ல் ஏன் தோற்றோம்?

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய பிள்ளைகள், காளையோடு சேர்த்து இன்னொன்றும் பேசினார்கள். கோக், பெப்சி வேண்டாம் என்றார்கள். யாரும் சொல்லித்தராமல் பதினெட்டு வயசுப் பிள்ளைகள் பேசியது அது. வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் விற்க மாட்டோம் என்று அறிவித்தன. திருப்பூரிலும் பல கடைகளில் இறக்கி வைத்தார்கள். மறுநாள் மார்ச் 2-ல், தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதற்கு இருந்த இடைக்காலத் தடையை மதுரைக் கிளை விலக்கிக்கொண்டது. கொஞ்ச நாளில் பாட்டில் திரும்ப வந்து பிரிட்ஜுக்குள் உட்கார்ந்துகொண்டது.

ஏன் என்று யோசித்தோம். கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, அவரும் நம் ஊர்க்காரர், நம் சொந்தக்காரர். பேக்கரியில் நிற்கும் அந்தக் கண்ணாடி பிரிட்ஜ் யாருடையது என்று பாருங்கள். கம்பெனி கொடுத்தது. அதன் மேல் கம்பெனிப் பேர். கடை போர்டுகூட கம்பெனி எழுதிக் கொடுத்தது. அந்த பிரிட்ஜில் வேறு சரக்கு வைத்தால் கம்பெனி ஆள் வந்து முகம் சுளிப்பான். காலையில் வண்டி வந்து சரக்கை இறக்குகிறது, விற்காத சரக்கு மாதக்கணக்கில் கெடாது. நம் மோர் சாயங்காலம் புளிக்கும். நம் இளநீர் வெட்ட ஆள் வேண்டும், ஓடு போட இடம் வேண்டும். தெளுவு வெயில் ஏறினால் கள்ளாகும். "வேண்டாம்" என்று சொன்னோம், அந்த இடத்தில் வைக்க நம் சரக்கை நாம் கொண்டுபோய் நிறுத்தவில்லை. நிறுத்த அரசாங்கம் ஒரு ரூபாய் செலவழிக்கவில்லை. தாகம் காத்திருக்குமா?

நீரா கதையைப் பாருங்கள். தென்னை நீரா இறக்கலாம் என்று 2017-ல் தமிழக அரசு அனுமதி கொடுத்தபோது இனிப்புக் கொடுத்துக் கொண்டாடினோம். இறக்கிய நொடியிலிருந்து குளிர்ச்சியில் வைக்க வேண்டிய பானம் அது. உரிமம் வாங்கிய அமைப்பு, பயிற்சி பெற்ற ஆள், ஐஸ் பெட்டி, குளிர்வண்டி என்று எல்லாம் வேண்டும். அஞ்சு ஏக்கர் தென்னை வைத்திருப்பவன் அதற்கு எங்கே போவான்? மோரை பாக்கெட்டில் அடைத்தால் 2022 ஜூலையில் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள். கோலாவுக்கு 2025 செப்டம்பரில் 40 சதவீதம் என்றார்கள், அப்படியும் நம் ஊர்க் கடையில் முன்வரிசையில் நிற்பது அதுதான்.

நாமக்கல்லைப் பாருங்கள்!

சத்துணவில் முட்டை போட்டார்கள். பிள்ளைக்குப் புரதம் கிடைத்தது, நாமக்கல் கோழிப்பண்ணைக்கு வருஷம் முழுக்க நிச்சயமான ஒரு கிராக்கி கிடைத்தது. ஒரே ரூபாயில் இரண்டு வேலை. கர்நாடகத்தில் 2013 ஆகஸ்டில் 'ஷீர பாக்யா' என்று அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே பால் மிஞ்சிக் கிடந்தது, கூட்டுறவுக்கு வழி தேவைப்பட்டது, பிள்ளைக்கும் வயிறு நிறைந்தது. அதையே இங்கே கேட்டால் நிதி இல்லை என்பார்கள்.

நாங்கள் கேட்பது இதுதான். காலை உணவுத் திட்டம் அஞ்சாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை, வளருகிற வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாரத்தில் சில நாளாவது பால் கொடு. வெயில் மாதத்தில் மோர் கொடு. அந்தப் பாலை அந்தந்த ஊர்ச் சொசைட்டியிலேயே எடு. வெளியூருக்குப் போய்ப் பவுடராகித் திரும்பி வர வேண்டாம். தென்னை உள்ள ஒன்றியங்களில் வாரம் ஒரு நாள் இளநீர், தோட்டத்து விலையில் நேரடிக் கொள்முதல். பனியன் கம்பெனி, மில் கேண்டீன்களில் ஷிப்டுக்கு ஒரு முறை மோர், கேட்டபோதெல்லாம் நல்ல தண்ணீர், எழுந்து போக நேரம். ஏற்றுமதியாளர் சங்கங்கள் மனசு வைத்தால் அரசாணைகூட வேண்டியதில்லை. ஆவினும் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து பேக்கரிக்கும் பெட்டிக்கடைக்கும் ஒரு பிரிட்ஜ் கொடுக்கட்டும். அதில் நம் மோரும் இளநீரும் நீராவும் கம்மங்கூழும் இருக்கட்டும். கடைக்காரருக்குக் கமிஷனும் கோலாவுக்குக் குறையாமல் கொடுக்கட்டும். கமிஷன் இல்லாமல் தேசபக்தியில் விற்கச் சொன்னால் 2017 மாதிரிதான் ஆகும்.

சட்டமும் நம் கையில் ஒன்று இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்காக உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி கொண்டுவந்தது. சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. நம் ஊர்ப் பள்ளி வாசலில் ஒரு அளவு டேப்பைப் பிடித்து 50 மீட்டர் எதுவரை என்று அளந்து பாருங்கள். அதற்குள் எத்தனை பிரிட்ஜ் என்று எண்ணுங்கள். அதிகாரிகள் அளக்காததை நாம் அளந்து காட்டுவோம்!

"பிள்ளைங்க நம்ம பேச்சைக் கேக்குமா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். மிரட்டினால் கேட்காது. பதினாறு வயசுப் பையனிடம் "சர்க்கரை வியாதி வரும்" என்றால் சிரிப்பான், அது அவனுக்கு நாற்பது வயசுச் சங்கதி. அவனிடம் விலைக் கணக்கைச் சொல்லுங்கள். லேபிளைக் கையில் கொடுத்து அவனையே படிக்கச் சொல்லுங்கள். கபடி ஆடுகிற பையனுக்கு மோரும் உப்பும் ஏன் என்று விளையாட்டு வாத்தியாரைச் சொல்லச் சொல்லுங்கள். சொசைட்டிக்கு ஊற்றும் முன் ஒரு டம்ளர் பாலை வீட்டில் நிறுத்துங்கள். கம்பெனிக்குப் போகும் அம்மிணிக்கு ஒரு பாட்டில் நீர்மோர் கட்டிக் கொடுத்து அனுப்புங்கள். மெரினாவில் நின்றது இந்த வயசுப் பிள்ளைகள்தான், அவர்களுக்குக் கோபம் வரத் தெரியும்.

வருகிற கிராம சபைக்குக் கூட்டமாக வாருங்கள். பெரிய தீர்மானமாக எழுதி மலைக்க வேண்டாம், மூன்று வரி போதும்: நம் ஊர்ப் பள்ளியைச் சுற்றி 50 மீட்டர் விதியை அமல்படுத்து. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு நம் சொசைட்டிப் பாலையும் மோரையும் கொடு. பள்ளித் தண்ணீர்த் தொட்டியை மாதம் ஒரு முறை கழுவிச் சோதித்து முடிவைச் சுவரில் எழுது. தீர்மானப் புத்தகத்தில் ஏற்றியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகல் ஒன்று சங்கத்துக்கு வேண்டும், ஒன்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போக வேண்டும். சபையில் அதிகாரிகளுக்குக் கலர் வாங்கி வைக்கும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. இந்தத் தடவை ஆளுக்கொரு சொம்பு மோர் கொண்டு வாருங்கள், வந்தவர்களுக்கும் அதையே ஊற்றுவோம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் விவசாயிகள் சங்கம்
திருப்பூர் மாவட்டம்